பிரிந்துவிட்டோம், பிள்ளைக்கு இருவரும் வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

இலங்கையின் வடக்கே மாங்குளம் சந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மகனுக்கு அப்போது 6 வயது. கிளிநொச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் அவனுடைய அப்பா அவனைக் கூட்டிவந்து இறங்கினார். ஒட்டுசுட்டான் பக்கம் போகும் பஸ்ஸுக்காக நான் வீதியின் மறுகரையில் நின்றேன். இரண்டு பேரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிள்ளை புத்தகப் பையை இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஒருமுறை இந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தபடி தனியே வீதியைக் கடந்து வந்தான். வந்ததும் மூச்சு விடாமல் சொன்னான்: “சப்பாத்துக்கு அப்பா காசு தரமாட்டாராம். நீங்கள்தானே வழக்குப் போட்டனீங்களாம்.”

அதை மறந்துவிடக் கூடாதே என்று பஸ்ஸில் வரும் வழி முழுக்க மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏ9 வீதியைத் தனியே கடக்க விட்டதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. அதைவிட, எங்கள் சண்டையை ஒரு பிள்ளையின் வாயில் போட்டு அனுப்பியது பதறுகிறது.

அன்றிலிருந்துதான் நாங்கள் பழகத் தொடங்கினோம். ஆம், பழகத்தான் வேண்டும். சைக்கிள் ஓடப் பழகுவதுபோல விழுந்து எழும்பிப் பழகுகிற காரியம் இது. ஒரே தேத்தண்ணிக் கடையில் எதிரெதிரே இருந்து பிள்ளையின் பரீட்சையைப் பற்றிப் பேச எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. இப்போது எங்கள் ஊர்ப்பக்கம் யாராவது பிரிந்தால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது உங்களுக்குப் பொருந்துமா?

அடி, மிரட்டல், பின்தொடர்தல் இருந்த வீட்டுக்கு இந்த வழிகாட்டி அப்படியே பொருந்தாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்கள் சார்பில் பொலிஸாரும் கேட்கலாம். பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவு இருக்கிறது. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் உண்டு. அப்படியான வீட்டில் பிள்ளை மற்றவரைப் பார்ப்பதா, எப்படி, யார் முன்னிலையில் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். “பிள்ளைக்காகப் பொறுத்துப் போ” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. கூட்டிப்போக வருபவர் குடித்துவிட்டு மோட்டார்சைக்கிளில் வந்தால் பிள்ளையை ஏற்றிவிடக் கூடாது. சண்டை வேண்டாம். “இண்டைக்கு வேண்டாம், நாளைக்கு வாங்கோ” என்று ஒருதரம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

இரண்டு கணக்கையும் பிரியுங்கள்

கணவன் மனைவி கணக்கு ஒன்று. அப்பா அம்மா கணக்கு வேறொன்று. முதலாவது முடிந்துவிட்டது, அல்லது நீதிமன்றத்தில் முடியப்போகிறது. இரண்டாவது பிள்ளை வளர்ந்து தன் காலில் நிற்கும்வரை ஓடும்.

இதைச் சொல்வது இலகு. எங்கள் நாட்டுச் சட்டம் அதை இன்னும் கடினமாக்கிவிடுகிறது. 1907ஆம் ஆண்டிலிருந்து வருகிற பொதுத் திருமணச் சட்டப்படி, இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்பது மட்டும் விவாகரத்துக்குக் காரணமாகாது. மற்றவர் தவறான உறவு வைத்தார், வேண்டுமென்றே கைவிட்டுப் போனார் என்பதுபோல ஏதாவது ஒரு குற்றத்தை மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். ஆகவே சமாதானமாகப் பிரிய நினைத்தவர்கள்கூட வழக்குத் தாளில் ஒருவரையொருவர் குற்றம்சாட்டியே எழுதவேண்டி வருகிறது. அந்தத் தாள் வீட்டுக்கு வந்து மேசையில் கிடக்கும். அம்மம்மா வாசிப்பார், மாமா வாசிப்பார், ஒருநாள் பிள்ளையும் எழுத்துக் கூட்டி வாசிக்கும். வழக்குத் தாள்களை ஒரு கோப்பில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். அதில் இருப்பது நீதிமன்றத்துக்கு எழுதிய பேச்சு, அதை வீட்டில் பேசவேண்டாம்.

பிறகு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் அவர் உங்களுக்குச் செய்தது. வலது பக்கம் பிள்ளைக்கு அவரிடமிருந்து தேவையானது. நான் எழுதியபோது இடது பக்கம் நிரம்பித் தாளின் பின்பக்கத்துக்கும் போனது. வலது பக்கம் நான்கே வரி: பள்ளிக்கூடச் சப்பாத்து. கண் கிளினிக்குக்கு மாறி மாறிக் கூட்டிப்போவது. ஞாயிற்றுக்கிழமை. இரவில் நித்திரைக்கு முன் அப்பாவின் குரல். அந்த நான்கு வரியைப் பற்றி மட்டும்தான் இனி அவரோடு பேசுவது என்று முடிவெடுத்தேன். இடது பக்கத்தைப் பேச எனக்கு ஒரு சிநேகிதி இருந்தா. உங்களுக்கும் ஒருவர் வேண்டும், அந்த ஒருவர் பிள்ளையாக இருக்கக் கூடாது.

செய்தி எழுதப் பழகுங்கள்

எல்லாவற்றிலும் பெரிய பயிற்சி இதுதான். நேரில் பேசினால் பழைய கதை வந்துவிடும். தொலைபேசியில் குரல் உயரும். ஆரம்பத்தில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி மட்டும் போதும். குரல் பதிவு அனுப்பவே வேண்டாம். அதில் உங்கள் கோபமும் அழுகையும் சேர்ந்து போகும், அப்புறம் அந்தப் பதிவு அவருடைய குடும்பம் முழுக்கச் சுற்றும்.

நான் முதலில் எழுதிய ஒரு செய்தி இது:

“உங்கட பிள்ளைக்கு மூண்டு நாளாய்க் காய்ச்சல். உங்களுக்கென்ன, நீங்கள் நிம்மதியாய் இருக்கிறியள். எப்பவும் நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும்.”

பதில் வரவில்லை. எப்படி வரும்? அதில் ஒரு கேள்விகூட இல்லை. அதே காய்ச்சலை இப்போது எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

“தம்பிக்கு மூண்டு நாளாய்க் காய்ச்சல். இண்டைக்கு ஆஸ்பத்திரியில காட்டினனான், இரத்தம் எடுத்திருக்கினம். ரிப்போட் நாளைக் காலமை 9 மணிக்கு. எனக்கு வேலை, நீங்கள் போய் எடுக்க ஏலுமோ? இரவு 8 மணிக்குள்ள சொல்லுங்கோ.”

என்ன நடந்தது, என்ன செய்தேன், உங்களிடம் என்ன வேண்டும், எப்போதுக்குள் வேண்டும். இந்த நான்கும் இருந்தால் போதும். “எப்பவும்”, “ஒருநாளும்”, “உங்கட ஆக்கள்” என்ற சொற்கள் வந்தால் அழியுங்கள். எழுதியதும் அனுப்பாதீர்கள். போனை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் அள்ளிவிட்டு வந்து திரும்ப வாசியுங்கள். அதிலிருந்து பாதியை நீங்களே வெட்டுவீர்கள்.

கோபமான செய்தி வந்தால்? அதற்கும் ஒரு வழி உண்டு. ஒருமுறை அவரிடமிருந்து வந்தது: “நீ வளர்க்கிற வளர்ப்பில அவன் கெட்டுப் போறான். சனிக்கிழமை வரமாட்டன், ஞாயிறு வாறன்.” முதல் வசனத்துக்குப் பதில் எழுதக் கை துடித்தது. இரண்டாவது வசனத்துக்கு மட்டும் எழுதினேன்: “சரி, ஞாயிறு. எத்தினை மணிக்கு?” பிள்ளையைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில், மற்றதைக் காணாததுபோல விடுவது. சில மாதம் இப்படிச் செய்தபின் முதல் வசனங்கள் தாமாகவே குறைந்தன.

சிலர் பிள்ளையின் பையில் ஒரு கொப்பி போட்டு அதில் எழுதி அனுப்புவார்கள். எழுத்துத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு அது நல்ல வழி. சாப்பாடு, நித்திரை, மருந்து நேரம் இவற்றை மட்டும் எழுதுங்கள். நாங்களும் வைத்திருந்தோம். மகன் இரண்டாம் ஆண்டில் சரளமாக வாசிக்கத் தொடங்கிய கிழமையே அதை நிறுத்திவிட்டோம்.

நாள் குறிப்பது

“வசதியான நேரம் வந்து பாருங்கோ” என்பது நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் பிள்ளை ஒவ்வொரு நாளும் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். ஒரே நாட்காட்டியில் இரண்டு பிரதி வாங்கி இரண்டு வீட்டுச் சுவரிலும் தொங்கவிட்டு, அப்பாவின் நாளுக்கு ஒரு நிறம், அம்மாவின் நாளுக்கு ஒரு நிறம் பூசினோம். பிள்ளை தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நீண்ட பிரிவு தாங்காது. கிழமைக்கு இரண்டு மூன்று தரம், ஒன்றிரண்டு மணித்தியாலம் என்று சின்னச் சின்னச் சந்திப்பாக வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வார இறுதியும் தவணை விடுமுறையும் ஒத்துவரும். தூரத்தையும் பாருங்கள். முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்பு, விசுவமடு, தர்மபுரம் வழியாகப் பரந்தன் ஏறிக் கிளிநொச்சி போய்த் திரும்பவே ஒரு பிள்ளை களைத்துவிடும். ஒவ்வொரு கிழமையும் ஓட்டுவதைவிட இரண்டு கிழமைக்கு ஒருதரம் முழுதாக இரண்டு நாள் நல்லது.

நகரத்தில் எழுதப்படுகிற அட்டவணைகள் எங்கள் வாழ்க்கைக்குச் சரிவராது. வயல் செய்கிற அப்பா காலபோக அறுவடைக்காலத்தில், மாசி பங்குனியில், களத்தை விட்டு அசைய முடியாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கிடைத்துச் சிறுபோகம் செய்தால் ஆவணி வாக்கிலும் அப்படித்தான். தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவருக்குக் காற்றுத்தான் நாட்காட்டி. இதை “வரவில்லை, ஏமாற்றிவிட்டார்” என்று பிள்ளைக்குச் சொல்லாமல், போகம் தொடங்க முன்னரே எந்தக் கிழமைகள் இல்லை, அதற்குப் பதிலாக எந்த நாட்கள் என்று எழுதிவிடுங்கள்.

விசேஷ நாட்களை ஒரு வருடம் இவருக்கு, அடுத்த வருடம் அவருக்கு என்று மாற்றலாம். தைப்பொங்கல், தீபாவளி, நத்தார், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா என்று உங்கள் வீட்டுக்கு எது முக்கியமோ அதைப் பட்டியலிடுங்கள்.

எங்களுக்கு இன்னொரு நாளும் இருக்கிறது. மே 18. மகனுடைய அப்பப்பாவும் என் தம்பியும் 2009இல் முள்ளிவாய்க்காலில் போரில் இறந்துபோனவர்கள். முதல் இரண்டு வருடம் பிள்ளை யாரோடு போய் விளக்கேற்றுவது என்று இழுபறிப்பட்டோம். மூன்றாம் வருடம் அவரே எழுதினார்: “ரெண்டு பேரும் வருவம். அவன் நடுவில நிக்கட்டும்.” அவர் குடும்பம் ஒரு பக்கம், என் குடும்பம் ஒரு பக்கம். பிள்ளை இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு சுட்டி கொளுத்தினான். பிரிந்த பின் நாங்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அது. உங்கள் வீட்டில் இப்படி எந்த நாள் இருக்கிறது என்று யோசியுங்கள். அதிலிருந்து தொடங்குவது சிலவேளை மற்ற எல்லாவற்றையும்விட இலகுவாக இருக்கும்.

கைமாற்றும் நேரம்

பிள்ளையைக் கைமாற்ற இரண்டு வீடும் வேண்டாம். பஸ் நிலையம், பள்ளிக்கூட வாசல், கோயில் வீதி, இருவருக்கும் பொதுவான ஒரு பெரியம்மா வீடு, இப்படி நிழலும் கழிப்பறையும் உள்ள ஒரு பொது இடம். பெரியவர்தான் பிள்ளையிடம் நடந்துபோக வேண்டும், பிள்ளை நடுவெளியைத் தனியே கடக்கக் கூடாது. பஸ் பிந்தினால் உடனே செய்தி.

காசு, வழக்கு, பழைய கதை எதுவும் அந்த இடத்தில் பேசக் கூடாது. “காய்ச்சல் இல்லை. மத்தியானம் சாப்பிட்டவன்” என்பது போதும். விடைகொடுக்கும்போது “அம்மா தனிய இருக்கப்போறன்” என்று அழவேண்டாம். பிள்ளை அங்கே போய்ச் சிரிக்கவே பயப்படும். “அப்பாவோட சந்தோசமா இருந்திட்டு வா” என்ற வசனத்தை நான் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். முதல் ஐந்தாறு தரம் தொண்டை அடைத்தது.

திரும்பி வந்ததும் விசாரணை வைக்காதீர்கள். யார் வந்தது, என்ன சமைத்தது, அப்பா யாரோடு போனில் கதைத்தவர் என்று கேட்டால் பிள்ளை இரண்டில் ஒன்றைப் பழகும்: பொய், அல்லது மௌனம். குளிக்க வார்த்து, சோறு கொடுத்து, பேசாமல் பக்கத்தில் இருங்கள். முதல் இரவு முரண்டு பிடிக்கும், சிணுங்கும். அங்கே ஏதோ நடந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மனம் வந்துசேர நேரம் எடுக்கும். ஆனால் காயம், பயம், நாட்கணக்கில் மாறாத மாற்றம் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம்.

காசு

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பராமரிப்பது வசதியுள்ள பெற்றோரின் கடமை. தாய்க்கும் அது பொருந்தும். திருமணம் பதிவு செய்யப்படாவிட்டாலும் பிள்ளைக்கு அந்த உரிமை இருக்கிறது. போர்க்காலத்தில் தாலி கட்டியும் பதியாமல் விட்ட எத்தனையோ குடும்பங்கள் இங்கே உண்டு, அவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். 18க்கும் 25க்கும் இடையில் இன்னும் தன்னைப் பராமரிக்க இயலாத பிள்ளைக்கும் கேட்கலாம். நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிப்பது.

பேசித் தீர்க்க முடிந்தால் வருமானம் வரும் மாதிரியே பிரியுங்கள். மாதச் சம்பளக்காரர் மாதாமாதம். வயல்காரர் மாதம் ஒரு சிறு தொகையும், நெல் விற்றதும் கொப்பி, சீருடை, சப்பாத்துக்கு ஒரு பெருந்தொகையும் என்று பேசலாம். எதுவானாலும் வங்கியில் போடுங்கள், பற்றுச்சீட்டை வையுங்கள். பிள்ளையின் கையில் காசு கொடுத்து அனுப்பவேண்டாம்.

காசு வராவிட்டால் பிள்ளையைக் காட்டமாட்டேன், பிள்ளையைக் காட்டாவிட்டால் காசு தரமாட்டேன் என்ற இரண்டும் பிள்ளைக்குத்தான் அடி. காசு பிந்தினால் நீதிமன்றத்துக்குப் போங்கள், பார்க்கும் நாளை நிறுத்தாதீர்கள்.

இரண்டு பக்கத்து ஆட்களும்

பல வீடுகளில் உண்மையில் பிள்ளை வளர்ப்பது அம்மம்மா அல்லது அப்பம்மா. நீங்கள் எவ்வளவு கவனமாகச் செய்தி எழுதினாலும், “கொப்பர் வந்து கிழிச்சவரோ?” என்று குசினிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தால் எல்லாம் போய்விடும். பெரியவர்களை எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை. பிள்ளை இல்லாத நேரம் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்: “அம்மா, உங்களுக்கு அவரில இருக்கிற கோபம் எனக்கு விளங்குது. ஆனா அவன் முகம் அவற்றை முகம். அவரைப் பேசினா அவன் தன்னைப் பேசினது எண்டு நினைக்கிறான்.” என் அம்மா அதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவன் போகும்போது ஒரு சரை பனங்காய்ப் பணியாரம் கட்டிக் கொடுத்தா. “அங்க அப்பம்மாவுக்கும் குடு” என்றா.

வகுப்பாசிரியரிடமும் சொல்லிவையுங்கள்: யார் கூட்டிப்போகலாம், அறிக்கை அட்டை யாருக்குக் காட்டுவது, அவசரத்துக்கு எந்த இரண்டு இலக்கம். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ அழைப்புக்கும் நாள், நேரம் குறியுங்கள். பிள்ளை ஐந்து நிமிடத்தில் எழும்பி ஓடினால் அது அன்பில்லாமை ஆகாது. அங்கிருப்பவருக்கு இதை எழுதிச் சொல்லுங்கள். மறுமணம் வந்தால், பிள்ளைக்கு அது உங்கள் வாயால் முதலில் தெரியட்டும், மற்றவருக்கும் அதற்கு முன் ஒரு வரி. புதியவரை “அம்மா”, “அப்பா” என்று கூப்பிடக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

மற்றவர் ஒத்துழைக்காவிட்டால்

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஒருவர் மட்டும் பழகினாலும் பாதிச் சண்டை குறையும், ஏனென்றால் சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். உங்கள் செய்தி, உங்கள் நேரம், உங்கள் வீட்டுப் பேச்சு, இவை மூன்றும் உங்கள் கையில்தான். அதற்கு மேலும் முடியவில்லையா, மூன்றாம் ஆளைத் தேடுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியோரைக் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இருந்தால் அது, செய்திகளின் பிரதி, வங்கிப் பற்றுச்சீட்டுகள் கையில் இருக்கட்டும். பிள்ளை யாரிடம் என்ற கேள்வியில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. நீங்கள் அமைதியாக எழுதிய செய்திகள் அப்போது உங்களுக்காகப் பேசும்.

ஒவ்வொரு தவணையும் திரும்பப் பாருங்கள்

6 வயதுக்குப் போட்ட அட்டவணை 10 வயதில் சரிவராது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தில் ரியூசன் வரும், பிறகு விளையாட்டு, சிநேகிதர்கள். தவணை விடுமுறை தொடங்கும்போது இருவரும் அரைமணித்தியாலம் எடுத்து, எது சரிவருகிறது, எது சரிவரவில்லை என்று மட்டும் பேசுங்கள். வளர்ந்த பிள்ளையிடம் “யாரோட இருக்க விருப்பம்?” என்று கேட்காதீர்கள். “எந்த நாள் உனக்கு வசதி?” என்று கேளுங்கள்.

மகனுக்கு இப்போது 14. சனிக்கிழமை கிரிக்கெட் இருப்பதால் தன் நாட்களைத் தானே மாற்றிக் கேட்டான், இருவரும் ஒத்துக்கொண்டோம். மாங்குளத்தில் அவனே பஸ் மாறிப் போகிறான். எங்கள் மூவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. போன சனிக்கிழமை பின்னேரம் அதில் ஒரே ஒரு சொல் வந்தது: “ஏறிட்டன்.” அதற்குக் கீழே அவர் எழுதினார்: “சரி, சந்தியில நிக்கிறன்.”